தூக்குவது சுலபம், பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டம்: பரணும் கப்பியும் வளர்ந்த கதை



போன கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் ஒரு பரண் கட்டினோம். அப்பா செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியதுதான் காரணம். அதுவரை ஷெட் என்ற பெயர்தானே தவிர, உள்ளே இருந்தது தாத்தா காலத்து டிரங்குப் பெட்டிகள், பித்தளை அண்டா, ஓடாத தையல் மிஷின், கட்டுக் கட்டாகப் பழைய புத்தகங்கள். கார் உள்ளே வர வேண்டுமென்றால் இவையெல்லாம் மேலே போக வேண்டும். சுவருக்குச் சுவர் இரண்டு இரும்பு உத்திரம் போட்டு, அதன்மேல் பலகை அடித்து, ஒரே வாரத்தில் பரண் ரெடி.

பிரச்சினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஏணியில் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா? சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். தூர்ந்துபோன கிணற்றின் சகடையைக் கழற்றி வந்து உத்திரத்தில் கட்டி, கயிறு போட்டு இழுத்தார். முதல் இரண்டு பெட்டி அழகாக ஏறியது. மூன்றாவது பெட்டி நிறைய புத்தகம். அறுபது கிலோவுக்குக் குறையாது. பலகை எட்டும் உயரத்துக்கு வந்தபோது சித்தப்பாவின் பிடி நழுவியது. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓட, பெட்டி அப்படியே கீழே வந்து சிமெண்ட் தரையைப் பெயர்த்தது. அரை நிமிஷம் முன்னால் அந்த இடத்தில்தான் என் தம்பி குனிந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் தெருமுனை ஒர்க்ஷாப் அண்ணன் ஒரு செயின் பிளாக்கோடு வந்தார். கார் இன்ஜினைக் கழற்றித் தூக்குவார்களே, அது. வந்ததும் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி: "ஏண்ணே, கைய விட்டா என்ன ஆகும்னு யாருமே யோசிக்கலையா?"

இந்தக் கேள்வி எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கனமான பொருளை உயரத்துக்கு ஏற்றுவது மனிதன் ஆயிரக்கணக்கான வருஷமாகச் செய்யும் வேலை. அதில் "கையை விட்டால் என்ன ஆகும்" என்ற கேள்விக்கு எப்போது பதில் கிடைத்தது? தேடிப் படித்ததில் கிடைத்த கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் சகடையையே எடுத்துக்கொள்வோம். அதில் நமக்குப் பலம் எதுவும் கூடுவதில்லை. அறுபது கிலோவைத் தூக்க அறுபது கிலோ பலம் போடத்தான் வேண்டும். மேல்நோக்கித் தூக்குவதற்குப் பதில் கீழ்நோக்கி இழுக்கலாம், நம் உடம்பு எடையையும் சேர்த்துப் போடலாம் என்பதுதான் வசதி. பலம் கூட வேண்டுமானால், பாரத்தோடு சேர்ந்து நகரும் இன்னொரு கப்பி வேண்டும். பாரத்தை இரண்டு கயிறு தாங்கினால் பாதி பலம் போதும், நான்கு கயிறு தாங்கினால் கால்வாசி. அதற்கு விலையாக நான்கு மடங்கு நீளக் கயிற்றை இழுக்க வேண்டும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை!

கிரேக்கர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிராக்கூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், ஹீரோன் மன்னனின் முன்னிலையில், ஆட்களும் சரக்கும் ஏற்றிய மூன்று பாய்மரக் கப்பலைக் கப்பிகளின் உதவியோடு தனி ஆளாக இழுத்துக் காட்டினார் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். புளூடார்க் வாழ்ந்தது அதற்கு முன்னூறு வருஷத்துக்குப் பின்னால், ஆகவே கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் கணக்கு சரிதான். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் நூலின் பத்தாம் பாகத்தில் மூன்று உருளைக் கப்பி, ஐந்து உருளைக் கப்பி என்று பெயர் சொல்லி விளக்குகிறார்.

ஆக, தூக்கும் பிரச்சினை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. பிடித்து நிறுத்தும் பிரச்சினை தீரவில்லை. நான்கு உருளை போட்டாலும் கயிற்றின் நுனியை விட்டால் பாரம் கீழேதான் வரும்.

இடைக்கால ஐரோப்பாவில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். எலி ஓடும் சக்கரம் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி ஆள் உயரத்தைவிடப் பெரிய மரச் சக்கரம். உள்ளே மனிதர்கள் நடப்பார்கள், அச்சில் கயிறு சுற்றிக்கொள்ளும், பாரம் மேலே ஏறும். பெரிய தேவாலயங்களின் கற்கள் இப்படித்தான் ஏறின. போலந்தின் கதான்ஸ்க் துறைமுகத்தில் 1442 முதல் 1444 வரை கட்டிய அப்படியொரு கிரேன் இன்றும் ஆற்றங்கரையில் நிற்கிறது. 1945ல் போரில் எரிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. உள்ளே நடப்பவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர்களே இன்ஜின், அவர்களே பிரேக். பாரம் அவர்களை மிஞ்சிவிட்டால் சக்கரம் பின்பக்கம் சுழலும், அவர்கள் உள்ளேயே இருப்பார்கள்.

கோட்டை, தேவாலயம், துறைமுகம் எல்லாம் சரி. சாதாரண வீட்டில் பரணும் கப்பியும் சேர்ந்து இருந்த ஊர் எது? ஆம்ஸ்டர்டாம்தான்.

அந்த ஊர்ப் படங்களைப் பார்த்தால், கால்வாய் ஓரமாக ஒடுக்கமான, உயரமான வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும். ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் ஒரு மர உத்திரம் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு கொக்கி. நான் முதலில் ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். அது கப்பி மாட்டும் இடம். பதினேழாம் நூற்றாண்டு வியாபாரிக்கு வீடுதான் கடை, வீடுதான் கோடவுன். கீழ்த்தளம் தண்ணீர் ஓரம் என்பதால் ஈரம். அதனால் மிளகு, கிராம்பு, துணி மூட்டை எல்லாம் பரணுக்குப் போக வேண்டும். படிக்கட்டோ ஒரு ஆள் பக்கவாட்டில் ஏறும் அகலம்தான். ஆகவே படகில் வரும் மூட்டையை வீட்டு வாசலில் கட்டி, வெளிப்பக்கமாகவே ஏற்றி, மேலே ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார்கள். ஏறும் மூட்டை சுவரில் இடிக்காமல் இருக்க வீட்டின் முகப்பையே கொஞ்சம் முன்னால் சாய்த்துக் கட்டினார்கள்! பல வீடுகளின் பரணுக்குள் ஒரு பெரிய மரச் சக்கரமும் இருக்கும். சக்கரத்தின் விளிம்பில் உள்ள கயிற்றை இழுத்தால் அதன் மெல்லிய அச்சில் பாரக் கயிறு சுற்றிக்கொள்ளும். நம்ம ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்து, சோழமண்டலக் கரைத் துணிகளைக் கப்பலேற்றியது. அவை ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போய் வியாபாரிகள் கைக்கு வந்தன. நம் நெசவாளர்கள் நெய்த துணி அந்தக் கொக்கிகளில் தொங்கியபடி பரணுக்கு ஏறியிருக்கும் என்று நினைத்தால் ஒரு மாதிரி சிலிர்க்கிறது. (அந்த ஊரில் வீடு மாற்றுகிறவர்கள் இன்றும் கட்டிலையும் பீரோவையும் ஜன்னல் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள்.)

அடுத்து இங்கிலாந்துக்குப் போவோம். கப்பி இல்லாமல் பாய்மரக் கப்பல் இல்லை. ஒரு போர்க்கப்பலுக்குச் சின்னதும் பெரியதுமாக ஆயிரம் கப்பிகள் தேவைப்பட்டன. பிரிட்டிஷ் கடற்படைக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் வேண்டும். கையால் செய்து மாளவில்லை. 1800களின் தொடக்கத்தில் மார்க் பிரூனெல் என்ற இன்ஜினியர், கப்பி செய்வதற்கென்றே போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் இயந்திரங்களை அமைத்தார். அவற்றைக் கட்டிக் கொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லே. 110 பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தார்கள். 1808ல் வருஷத்துக்கு 1,30,000 கப்பிகள் வந்தன. ஒரே மாதிரிப் பொருளை இயந்திரத்தால் குவிக்கும் இன்றைய தொழிற்சாலை முறைக்கு இது ஒரு முன்னோடி என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

மார்க் பிரூனெலின் மகன் இசம்பார்ட் பிரூனெல். அப்பாவைவிடப் பெரிய பெயர் எடுத்தவர். அவர் கட்டிய 'கிரேட் ஈஸ்டர்ன்' அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய கப்பல். 692 அடி நீளம். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் கட்டி, பக்கவாட்டில் சறுக்கித் தண்ணீரில் இறக்கத் திட்டம். கப்பல் வேகமாக ஓடிவிடாமல் இருக்க, பெரிய உருளைகளில் சங்கிலி சுற்றி, ஆட்கள் கைப்பிடியைப் பிடித்து மெல்ல விட வேண்டும். 1857 நவம்பர் 3. ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தது. கப்பல் திடீரென்று சில அடிகள் நகர்ந்தது. சங்கிலி வெடுக்கென்று இழுக்க, உருளை பின்னால் சுழன்று, கைப்பிடிகள் அதைப் பிடித்திருந்தவர்களையே தூக்கி எறிந்தன. உயிர்ப்பலியோடு அன்றைய வேலை நின்றுபோனது.

இதைப் படித்தபோது சித்தப்பாவின் உள்ளங்கைதான் நினைவுக்கு வந்தது. இங்கே அறுபது கிலோ, அங்கே பல ஆயிரம் டன். தவறு ஒன்றேதான். பாரத்துக்கும் தரைக்கும் நடுவில் இருந்தது மனிதனின் கைப்பிடி மட்டுமே.

மூன்று மாதம் போராடி, 1858 ஜனவரி 31 அன்றுதான் கப்பலைத் தண்ணீரில் தள்ளினார்கள். உதவியது பர்மிங்ஹாம் நகரின் டாங்கி சகோதரர்கள் செய்த ஹைட்ராலிக் ஜாக்கிகள். சின்னப் பட்டறையாக இருந்த அந்தக் கம்பெனிக்கு இதில்தான் பெயர் கிடைத்தது. அடுத்த சில வருஷத்துக்குள் அவர்கள் விற்க ஆரம்பித்த இன்னொரு பொருள்தான் நம் கதையின் நாயகன்: தாமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்டன் என்பவரின் சங்கிலிக் கப்பி.

வெஸ்டனும் பர்மிங்ஹாம் பக்கத்துக்காரர்தான். அவர் செய்தது இது. மேலே ஒரே அச்சில் இரண்டு பள்ளச் சக்கரங்கள், ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒன்று கொஞ்சம் பெரியது, மற்றது கொஞ்சம் சின்னது. கீழே பாரம் தொங்கும் ஒற்றைக் கப்பி. நுனியே இல்லாமல் வளையமாக ஓடும் ஒரே சங்கிலி எல்லாவற்றையும் சுற்றி வரும். நாம் சங்கிலியை இழுக்கும்போது பெரிய சக்கரம் பாரத்தின் ஒரு பக்கச் சங்கிலியை மேலே இழுக்கும், அதே நேரம் சின்ன சக்கரம் மறுபக்கத்தில் சங்கிலியைக் கீழே விடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அளவுதான் பாரம் ஏறும்.

ஒரு சின்ன கணக்கு போடலாம். பெரிய சக்கரத்தின் விட்டம் 10 அங்குலம், சின்னது 9 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு நாம் இழுப்பது சுமார் 31.4 அங்குலச் சங்கிலி. சின்ன சக்கரம் திருப்பி விடுவது 28.3 அங்குலம். வித்தியாசம் 3.1, அதில் பாதி சுமார் 1.6 அங்குலம். அதாவது இருபது மடங்கு நீளம் இழுத்தால் ஒரு மடங்கு ஏறும். ஆகவே கணக்குப்படி 200 கிலோவைத் தூக்க 10 கிலோ இழுப்பு போதும்! கணக்குப்படிதான். நிஜத்தில் சங்கிலியும் அச்சும் உராய்வதில் நம் உழைப்பில் பாதிக்கு மேல் வீணாகும். 10 கிலோவுக்குப் பதில் 25 கிலோவாவது இழுக்க வேண்டியிருக்கும்.

அழகே இங்கேதான் இருக்கிறது. உராய்வு என்றாலே விரோதி என்று நாம் பிசிக்ஸில் படிக்கிறோம். ஆனால் ஒரு பொறியில் உராய்வு பாதிக்கு மேல் தின்றுவிட்டால், பாரத்தால் அந்தப் பொறியைப் பின்னோக்கிச் சுற்ற முடியாது. நீங்கள் கையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். பாரம் விட்ட இடத்திலேயே தொங்கும். கீழே இறக்க வேண்டுமா? சங்கிலியின் மறுபக்கத்தை இழுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வருஷமாக எல்லோரும் உராய்வைக் குறைக்கப் பாடுபட, இந்தப் பொறி அதையே காவல்காரனாக வைத்துக்கொண்டது.

மூல யோசனை வெஸ்டனுடையது அல்ல. மெல்லிசும் தடிமனுமாக இரண்டு பகுதி கொண்ட உருளையில் கயிறு சுற்றித் தூக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. அதைச் 'சீன உருளை' என்பார்கள். சின்ன உயரத்துக்கே ஏகப்பட்ட கயிறு பிடிக்கும் என்பது அதன் குறை. சங்கிலியை வளையமாக்கியதும் அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் இழுக்கும்போது சங்கிலி சக்கரப் பல்லில் சிக்கிக்கொண்டது. அதற்கு ஒரு வழிகாட்டிப் பட்டை அமைத்துச் சரிசெய்தது தங்கள் பட்டறைதான் என்று ரிச்சர்ட் டாங்கி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1862 லண்டன் கண்காட்சியில் அரை டன் முதல் மூன்று டன் வரை ஐந்து அளவுகளில் வைத்தார்கள், பதக்கமும் கிடைத்தது. "இது எங்கள் கடையில் முன்பே இருந்தது" என்று ஒரு வியாபாரி வழக்குக்குக் கிளம்பினார். நல்ல பொருளுக்குப் பங்காளிகள் வருவது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது!

சரி, கையை விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் கிடைத்தாயிற்று. கயிறே அறுந்தால்?

இதற்குப் பதில் சொன்னவர் அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் ஒரு கட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்த எலைஷா ஓடிஸ். சாமான்களை மேல்மாடிக்கு ஏற்ற வேண்டிய வேலை 1852ல் அவரிடம் வந்தது. அதாவது எங்கள் வீட்டுப் பிரச்சினையேதான். அவர் ஏற்றுத் தட்டின் மேல் வண்டிக்குப் போடும் வில் பட்டை ஒன்றை வைத்து, கயிற்றை அதில் கட்டினார். கயிறு இழுவையோடு இருக்கும்வரை பட்டை வளைந்து அடங்கியிருக்கும். கயிறு அறுந்தால் பட்டை விரியும், அதன் முனைகள் இருபக்கத் தூண்களில் உள்ள பற்களில் போய் மாட்டிக்கொள்ளும், தட்டு நின்றுவிடும். 1854ல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் தானே தட்டின் மேல் உயரத்தில் நின்றுகொண்டு, எல்லோரும் பார்க்கக் கயிற்றை வெட்டச் சொன்னார். தட்டு சில அங்குலம் இறங்கி நின்றது. 1857ல் நியூயார்க் பிராட்வேயில் ஒரு ஐந்து மாடிக் கடையில் அவருடைய பயணிகள் லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. வானளாவிய கட்டடங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இனி ஷெட்டுக்கு வருவோம். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே பரண் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? குதிரையிடமிருந்துதான். அமெரிக்காவில் குதிரை வண்டிகளை நிறுத்தும் கொட்டகையில், கீழே வண்டியும் குதிரையும், மேலே பரணில் குதிரைக்கான காய்ந்த புல்லும் இருக்கும். பெரிய பண்ணைகளில் கூரை முகட்டை வெளியே நீட்டி, அதில் கப்பி மாட்டினார்கள். 1867ல் அயோவா மாநிலத்தின் வில்லியம் லவ்டன், புல் கட்டை உயரத் தூக்கி, பிறகு முகட்டோரம் தண்டவாளத்தில் உள்ளே ஓடவிடும் ஒரு பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். கயிற்றின் மறுநுனியை ஒரு குதிரையில் கட்டி நடக்க விடுவார்கள். தன் சாப்பாட்டைத் தானே பரணில் ஏற்றிய குதிரை!

இருபதாம் நூற்றாண்டு பிறந்து கார் வந்ததும், கையில் காசிருந்தவர்களின் வண்டிக் கொட்டகைகள் பல அப்படியே கார் ஷெட்டாக மாறின. குதிரை போனது, புல் போனது, பரண் நின்றது. புல் இருந்த இடத்தில் பழைய சோபாவும் கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டியும் பனிக்கால டயர்களும் ஏறின. இன்று அங்கே பலர் ஷெட் கூரையில் சின்ன மின்சார ஹாய்ஸ்ட் மாட்டியிருக்கிறார்கள். அதன் பிரேக் ஒரு தனி ரகம். கரண்ட் இருந்தால்தான் பிரேக் விடும். கரண்ட் போனால் ஸ்பிரிங் அழுத்தி பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஓடிஸின் வில் பட்டைக்கு இது பேரன் முறை என்று சொல்லலாம்.

ஒர்க்ஷாப் அண்ணன் கொண்டுவந்த செயின் பிளாக்கில் வெஸ்டனின் இரட்டைச் சக்கரம் இல்லை. இப்போதெல்லாம் பல்சக்கரம்தான். உராய்வில் அவ்வளவு உழைப்பு வீணாவதில்லை. ஆனால் உராய்வு குறைந்தால் பாரம் திரும்பி ஓடுமே? அதற்காக உள்ளே ஒரு தனி பிரேக் வைத்திருக்கிறார்கள். பாரம் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் பிரேக். அந்த வகை பிரேக்குக்கு இன்றும் வெஸ்டன் பெயர்தான். சங்கிலியை இழுக்கும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்லுக்குப் பல் தாவி விழும் சத்தம். "இவ்வளவு ஏறியாச்சு, இனி கீழே விடமாட்டேன்" என்று அது சொல்வதாக எனக்குத் தோன்றும்.

அன்று அந்த அறுபது கிலோ பெட்டி, கையில் கட்டுப் போட்ட சித்தப்பா ஒற்றைக் கையால் இழுக்க, டிக் டிக் என்று மேலே போனது. பாதியில் அண்ணன் "விடுங்க" என்றார். சித்தப்பா தயங்கினார். "அட, விடுங்கண்ணே." விட்டார். பெட்டி அசையாமல் தொங்கியது. நாங்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தம்பி ஓடிப்போய் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். அண்ணன் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். செயின் பிளாக்கில் ஓடிஸின் வில் பட்டை கிடையாது. கையை விட்டால் அது பிடிக்கும். கொக்கியோ கட்டோ அறுந்தால் பிடிக்காது. அதனால் தொங்கும் பாரத்துக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்பது இன்றைக்கும் மாறாத விதி. உங்கள் வீட்டிலும் பரண் வேலை நடந்தால், கப்பி மாட்டும் முன் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். கையை விட்டால் என்ன ஆகும்? கயிறு அறுந்தால் யார் கீழே இருப்பார்கள்?

எங்கள் ஷெட் தரையில் அந்தப் பெயர்ந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. பூசிவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.